ஆறு மணி டிராக்டர், ஒன்பதரை மணி பால்வாடி

முதுகலை இரண்டாம் ஆண்டில் எங்களுக்குத் திட்ட மதிப்பீடு என்று ஒரு பாடம் இருந்தது. அரசு ஒரு திட்டத்தைக் கொண்டுவருகிறது. அதனால் யாருக்காவது நன்மை நடந்ததா, நடந்தது என்றால் அந்தத் திட்டத்தால்தான் நடந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் பாடம். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சத்துணவு சாப்பிட்டு, இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள் நான். திட்டங்களைப் பற்றி எனக்கே பாடமா என்று நினைத்துக்கொண்டுதான் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

முதல் கட்டுரையிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தேன். "இத்திட்டம் கிராமப்புறப் பெண்களின் வாழ்க்கையில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது" என்பது முதல் வரி. பேராசிரியர் அதன் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே வார்த்தை எழுதித் திருப்பித் தந்தார்: எப்படித் தெரியும்?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதற்குக் கீழேயே நீல மையில் "எல்லாருக்கும் தெரியும்" என்று எழுதி, அதே தாளை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் திரும்பி வந்தது. "எல்லாரும் என்றால் யார் யார்? பட்டியல் தரவும்" என்று எழுதியிருந்தார். அந்தத் தாள் கடைசி பெஞ்சு வரை போய்விட்டு வந்தது. அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் 'பட்டியல்'. உத்திரமேரூர்க்காரி என்பதால் கிண்டலுக்கு இன்னும் வசதி. "ஊர்ச் சபையில் உட்கார யாருக்கெல்லாம் தகுதி இல்லைன்னு கல்லுலயே பட்டியல் போட்ட ஊராச்சே, பரம்பரைப் பழக்கம்" என்பார்கள்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன், வீம்புக்கு. விடிந்தும் விடியாமலும் பேருந்து பிடித்துச் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தாம்பரம் வருவதற்குள் ஒரு பாடத்தை முடித்துவிடுவேன். திட்டம் செய்தது வேறு, அதனால் நடந்தது வேறு என்பது முதலில் புரிந்தது. சைக்கிள் கொடுத்தோம் என்பது செய்தது. அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் வந்தாள் என்பது நடந்தது. இரண்டுக்கும் நடுவில் வேறு யாராவது அந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடலாம். எனக்குக் கொடுத்த சைக்கிளில் என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் நைனா, இரண்டு வருஷம் பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். அது ஒரு தகவல் என்பது எனக்கு அந்த ரயிலில்தான் உறைத்தது.

மார்கழிக் கடைசியில் களப்பணி வந்தது. அவரவர் ஊர்ப் பக்கம் ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, ஐந்து வாரத்தில் மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். எங்கள் கிராமத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரை ஓரம் ஓர் இருளர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே ஓர் அறை கொண்ட பால்வாடி. பதிவேட்டில் இருபத்திரண்டு குழந்தைகள், வருவதோ ஐந்து ஆறு பேர். இவ்வளவு குறைவாக வந்தால் தனியாக நடத்த முடியாது, எங்கள் ஊர்ப் பால்வாடியோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. சேர்த்துவிட்டால் மூன்று வயதுக் குழந்தை கல்குவாரி லாரிகள் ஓடும் ரோட்டைத் தாண்டி வர வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. அந்தக் குழந்தைகளுக்கு முட்டையும் கிடையாது, பாட்டும் கிடையாது என்றுதான் அர்த்தம்.

நான் அதையே எடுத்துக்கொண்டேன். பேராசிரியர் துறை அதிகாரியிடம் பேசினார். முடிவெடுப்பதற்கு முன் மாணவியின் அறிக்கையையும் பார்க்கிறோம், கடைசி நாளன்று வகுப்புக்கே வருகிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எழுதப்போவதை ஓர் அதிகாரி படிக்கப்போகிறார்!

பொங்கல் கழிந்த மறு வாரம் கேள்விகளைப் போனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நாலு நாள், நாள்தோறும் பத்து மணிக்குப் பால்வாடியில் போய் நின்றேன். பாயில் ஐந்து குழந்தைகள். ஒரு நாள் நாலு. பால்வாடி டீச்சர் உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், ஒன்பதரைக்குச் சரியாக வந்துவிடுவார், பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுவார். "கூப்ட்டுக் கூப்ட்டு அலுத்துட்டேன்மா. அந்த அம்மாங்களுக்கு அக்கறையே இல்ல" என்றார்.

அந்த அம்மாக்களை மதியத்துக்கு மேல் பார்த்தேன். நடவு முடித்துக் கால் சேற்றோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் நிலத்துக்கு வருகிறவர்கள்தான். சின்ன வயதிலிருந்து தெரிந்த முகங்கள், மனம்விட்டுப் பேசுவார்கள் என்று எனக்குள் ஒரே பெருமை. பதினோராவது கேள்வி, குழந்தையை ஏன் அனுப்புவதில்லை என்பது.

"அனுப்பறோமே பாப்பா. பால்வாடி நல்லா கீது. டீச்சரு நல்லவங்கோ."

"அப்ப இன்னிக்கு ஏன்க்கா வரல?"

"சும்மாதான்."

அடுத்த வீட்டிலும் சும்மாதான். அதற்கடுத்த வீட்டிலும் அதே பதில். என் போனில் நோய், தூரம், சாப்பாடு பிடிக்கவில்லை, அக்கறையின்மை என்று நாலு கட்டம் இருந்ததே தவிர, சும்மாதான் என்று ஒரு கட்டம் இல்லை. எல்லாரையும் அக்கறையின்மையில் போட்டேன்.

அறிக்கையில் வரைபடமெல்லாம் வைத்தேன். பெற்றோரிடையே விழிப்புணர்வு இல்லாததே வருகைக் குறைவுக்குக் காரணம் என்றும், இந்நிலையில் இரண்டு பால்வாடிகளையும் இணைப்பதால் பெரிய பாதிப்பு இருக்காது என்றும் முடித்தேன். ஆமாம், நான்தான் அப்படி எழுதினேன். சென்னைக்குப் போய்ப் பேராசிரியரிடம் கொடுத்தேன். மாலைக்குள் திரும்பக் கிடைத்தது. முப்பது பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில், அந்த விழிப்புணர்வு வரியின் ஓரத்தில், அதே இரண்டு வார்த்தை.

வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். நாலு நாள் வெயிலில் நின்று எண்ணியது நான். வீடு வீடாகப் போனது நான். சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும் என்று பொருமினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நடவு ஆட்களுக்கு டீயும் நாஷ்டாவும் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. நடவு நாட்களில் அது என் வேலைதான். ஸ்கூட்டியில் தூக்குவாளியை மாட்டிக்கொண்டு போனேன். மோட்டார் கொட்டகைப் பக்கம் புங்க மரத்து நிழலில் வழக்கம்போலக் குழந்தைகள். இரண்டு தூளி, மற்றதெல்லாம் தரையில். ஆளுக்கு இரண்டு வர்க்கி கொடுக்கலாம் என்று எண்ணினேன். பதினாலு பேர்.

பத்து நாளாக எதைப் பார்த்தாலும் எண்ணிக்கொண்டிருந்ததால்தானோ என்னவோ, பதினாலு என்றதும் கை நின்றுவிட்டது. போனை எடுத்தேன். பால்வாடிப் பதிவேட்டுப் பெயர்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். தரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ஒரு பெண் குழந்தை எழுந்து நின்று, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "உள்ளேன் மிஸ்" என்றாள்.

போன வாரமும் நான்தான் டீ கொண்டுவந்தேன். இதே குழந்தைகளுக்கு இதே வர்க்கியைக் கொடுத்துவிட்டு, வெறும் தூக்கை வீட்டில் போட்டுவிட்டு, நேராகப் பால்வாடிக்குப் போய், குழந்தைகள் வரவில்லை என்று எழுதினேன். நாலு நாளும் அதையேதான் செய்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து நடவு என்றால் அந்த மரத்தடியில் குழந்தைகள் இருப்பார்கள். வரப்பு இருப்பதுபோல, மோட்டார் ஓடுவதுபோல அதுவும் ஒன்று. அதனால் அவர்கள் என் கண்ணில் படவே இல்லை. எனக்கு வந்த வெட்கத்தில் அப்படியே கொட்டகைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வரும் அக்கா டீ குடிக்க மேலே வந்தார். போன வாரம் என்னிடம் சும்மாதான் என்று சொன்னவர்களில் முதல் ஆள். "ஏன்க்கா, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"இன்னான்னு சொல்றது? உங்க கயனிக்கு வர்றதாலதான் புள்ளய அனுப்பலன்னு உன்னாண்டயே சொல்றதா? நீ போயி உங்க நைனாவாண்ட சொன்னா, அவரு நாளிலேந்து வராதன்னுட்டா இன்னா பண்றது?" டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு மறுபடி பேசினார். "பால்வாடி ஒம்போதரைக்குத் தொறக்கறாங்கோ. உங்க டிராக்டரு ஆறு மணிக்கு வந்து நிக்குது. நடுவுல புள்ளய யாராண்ட வுட்டுட்டு வர்றது, சொல்லு."

என் கேள்வித்தாளில் அவர்கள் என்னைத் திருப்பிக் கேட்பதற்கு இடமே இல்லை.

உடனே அறிக்கையை மாற்றிவிடலாம் என்றுதான் கை பரபரத்தது. ஆனால் எங்கள் கழனி ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசினால் அந்த இரண்டு வார்த்தை மறுபடி வரும். இந்தத் தடவை அவர் எழுதுவதற்கு முன்னாலேயே என் காதில் கேட்டது. பத்து நாள் விடிகாலையில் குடியிருப்பு முனையில் போய் நின்றேன். எந்த டிராக்டர் எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு எந்தப் பக்கம் போகிறது என்று குறித்தேன். பின்னாலேயே ஸ்கூட்டியில் போய் அந்தந்த நிலத்தில் குழந்தைகளை எண்ணினேன். பிறகு பால்வாடிப் பாயில் எண்ணினேன். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்டப் பதிவேட்டுக் கணக்கு வந்தது. ஒரு குழந்தையும் தொலையவில்லை.

இது இந்த மாதம் மட்டும்தானா என்ற கேள்வி மிச்சம் இருந்தது. பதிவேட்டில் போன வருஷ வருகை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வைக்க நடவும் களையெடுப்பும் அறுப்பும் எந்தெந்தத் தேதியில் நடந்தன என்று வேண்டும். அது எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. நைனா மாதக் காலண்டரின் கட்டங்களில் நடவு, யூரியா, மோட்டார் ரிப்பேர் எல்லாவற்றையும் எழுதிவைப்பார். பழைய காலண்டரையும் தூக்கிப் போடமாட்டார். அதைக் கேட்க வேண்டுமானால் எதற்கென்று சொல்ல வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நான் படிப்பதைப் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை சொல்லிக்கொண்டு திரிகிற மனிதரிடம், அந்தப் படிப்பு உன் டிராக்டரில் வந்து முட்டி நிற்கிறது என்று எப்படிச் சொல்வது?

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். நைனாவின் கை தட்டிலேயே நின்றது.

"இன்னா, என்னயே கொற சொல்லி எயுதப் போறியா?"

"பேர் போடமாட்டேன் நைனா. நிலம் வெச்சிருக்கவங்க ஆள் ஏத்தற நேரம்னு எழுதுவேன். அதுல நம்ம குடும்பமும் ஒண்ணுன்னு எழுதுவேன்."

"ஆறு மணிக்கு ஆள எறக்கலன்னா வெயிலு ஏறிப்பூடும். பறிச்ச நாத்து வாடிப்பூடும். நட்ற பொம்பளைங்களும் ஒச்சி வெயில்ல குனிஞ்சிக்கினு நிக்கணும். அவுங்களே சீக்கிரம் வந்துட்டுச் சீக்கிரம் போறோம்னுதான் கேக்கறாங்கோ. உங்க வாத்தியாருக்கு இது தெரியுமா? பால்வாடிய ஒம்போதரைக்குத் தொறக்கச் சொன்னது நானா?"

கத்தினார். நானும் கத்தினேன். அம்மா இரண்டு பேர் தட்டிலும் இன்னும் ஒரு கரண்டி சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் கத்தி முடித்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. நடவு நேரம் நாற்றுக்கும் வெயிலுக்கும் கட்டுப்பட்டது. மாறக்கூடியது பால்வாடி திறக்கும் நேரம் ஒன்றுதான். ஐந்து வாரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அறிக்கையின் கடைசிப் பக்கம் அந்தச் சண்டையில்தான் கிடைத்தது.

காலையில் காலண்டர்கள் என் மேசைமேல் இருந்தன. தூசி தட்டி வைத்திருந்தார்.

பதிவேட்டையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காலண்டர்க் கட்டத்தில் நடவு என்று எழுதிய நாட்களில் பால்வாடிப் பாய் காலி. வயல் வேலை இல்லாத மாதங்களில் பாய் நிறைந்திருந்தது. அக்கறையில்லாத தாய்மார்கள் வேலை இல்லாத மாதத்தில் மட்டும் எப்படி அக்கறையானவர்களாக மாறினார்கள் என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பால்வாடி ஆயம்மா அந்தக் குடியிருப்பிலேயே இருப்பவர், சாவியும் அவரிடம்தான். சீக்கிரம் திறக்க முடியுமா என்று அவரைக் கேட்டேன். "நான் அஞ்சு மணிக்கே எயுந்து சும்மா குந்திக்கினு கீறேன். தொறன்னா தொறக்கறேன். யாரு வந்து கேட்டாங்கோ?" என்றார்.

கடைசி நாள் வகுப்பில் அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குடியிருப்புப் பால்வாடி இருக்குமா இருக்காதா என்பது அவர் கையில் இருந்தது. முதல் வரியாக, வருகைக் குறைவுக்குக் காரணமான வேலை நேரத்தை வைத்திருப்பவர்களில் ஆய்வு செய்தவரின் குடும்பமும் ஒன்று என்று படித்தேன். பின் பெஞ்சில் யாரோ 'பட்டியல்' என்று முணுமுணுத்தது கேட்டது.

முழுவதும் கேட்டுவிட்டு அதிகாரி, "உங்க வீட்டு ஆட்களையே நீங்க கேட்டிருக்கீங்க. உங்க அறிக்கையை நான் எப்படி நம்பறது?" என்றார்.

நியாயமான கேள்வி. "நம்ப வேண்டாம் சார். முதல் தடவை அவங்க சொன்னதை நம்பி எழுதின அறிக்கை தப்பாப் போச்சு. அதையும் பின்னிணைப்பா வெச்சிருக்கேன். எந்த இடத்துல தப்பு பண்ணேன்னும் எழுதியிருக்கேன். இரண்டாவது தடவை நான் யாரையும் கேட்கல, எண்ணினேன். தேதி, இடம், டிராக்டர் நேரம் எல்லாம் இருக்கு. நடவு நாளா பார்த்து ஒரு தடவை நீங்களே வந்து எண்ணிப் பாருங்க" என்றேன்.

அவர் பின்னிணைப்பைத் திருப்பிப் படித்தார். இணைப்பை இப்போதைக்கு நிறுத்திவைக்கலாம், வேலை மாதங்களில் ஆயம்மா ஆறு மணிக்குத் திறந்து பார்க்கட்டும், ஆறு மாதம் கழித்து முடிவெடுக்கலாம் என்றார். பேராசிரியர் அறிக்கையை வாங்கிக்கொண்டு போனார். அறிக்கை என்னிடம் திரும்பி வந்தபோது பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். எங்கேயும் சிவப்பு மை இல்லை. கூச்சமில்லாமல் சொல்கிறேன், ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப்போல ஒருத்தி அந்தப் பெட்டியில் இல்லை என்ற நினைப்பில் செங்கல்பட்டு வரை வந்தேன்.

சித்திரையில் சொர்ணவாரிப் பட்டத்து நடவு. பரீட்சை முடிந்து நான் வீட்டில் இருந்தேன். எட்டு மணிக்குத் தூக்குவாளியோடு கழனிக்குப் போனேன். புங்க மரத்தடியில் இரண்டு தூளிக் குழந்தைகள் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நைனா டிராக்டர் பக்கத்தில் நின்று மடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்காமலேயே, "எல்லாப் புள்ளைங்களும் பால்வாடிக்குப் போயிடுச்சி" என்றார்.

"எப்படித் தெரியும் நைனா?"

என்னை ஒரு முறை முறைத்தார். "எப்படித் தெரியுமாவா? வண்டிய மொதல்ல பால்வாடியாண்டதான் நிறுத்தறேன். எறக்கி வுட்டுட்டு, உள்ள கீற எல்லாப் புள்ளைங்களயும் எண்ணிட்டுத்தான் இங்க வர்றேன்." சட்டைப் பையிலிருந்து மடித்த காலண்டர் தாளை எடுத்துக் காட்டினார். அன்றைய கட்டத்தில் வழக்கமான கோணல் எழுத்தில், நடவு, ஆள் பதினேழு என்று எழுதி, கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. புள்ளைங்க பத்தொம்பது.

டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினேன்.

"எங்க போற?"

"பால்வாடிக்கு."

"ஏன், எம்மேல நம்பிக்க இல்லியா?"

"சும்மாதான் நைனா" என்றேன். கையில் இருந்த மண்ணாங்கட்டியை என் வண்டிமேல் எறிந்தார், சிரித்துக்கொண்டே.

பால்வாடி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தேன். ஆயம்மா தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரே கூச்சல். வாசற்படியிலேயே நின்று, ஒன்றிலிருந்து நிதானமாக எண்ணினேன். பத்தொன்பது பேர் இருந்தார்கள்.